காலர் மைக்கை வியர்வையிலிருந்து காப்பது எப்படி?

கணீரென்று ஒலித்த குரல், ஆடிப் பாடும் காட்சி ஒன்று முடிந்ததும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸரில் புதிதாக உட்கார்ந்தவர் உடனே ஈக்வலைசரை, அதாவது ஒலியின் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை, திருகுவார். அதில் பயனில்லை. மைக்கின் வாயை ஒரு சொட்டு வியர்வை அடைத்துக்கொண்டால் உயர் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். ‘ஸ’, ‘ஷ’ மழுங்கினால் வியர்வையைச் சந்தேகியுங்கள்.

அது வரும் வழி வயர்தான். சட்டைக் காலரில் மாட்டும் இந்தச் சின்ன மைக்கை இசை நாடகங்களில் நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் வைப்பது வழக்கம். தலையில் ஊறும் வியர்வை வயரை வாய்க்காலாக்கிக்கொண்டு நேராக மைக்குக்கு இறங்கும். அதனால் முதல் வேலை, வாய்க்காலுக்கு ஒரு வரப்பு கட்டுவது. மைக்கின் முனைக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால், வயரின் மேல் மெல்லிய சர்ஜிக்கல் டேப்பை நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றிச் சின்ன மேடாக்குங்கள். வழிந்து வரும் வியர்வை அங்கே தடுக்கப்பட்டுப் பக்கவாட்டில் விலகிவிடும். டேப் மைக்கின் துளையை மூடக்கூடாது. ஒட்டும் முன் நெற்றியில் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மேக்கப் எண்ணெய் மேல் எந்த டேப்பும் நிற்காது.

அடுத்தது டிரான்ஸ்மிட்டர், அதாவது மைக் வயரைச் சொருகி நடிகரின் உடலில் மாட்டும் சின்னப் பெட்டி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். வயர் மேலிருந்து வந்து சொருகினால், முதுகு வியர்வை முழுக்க கனெக்டருக்குள் போகும். உப்பு பின்களை அரிக்கும். டிரான்ஸ்மிட்டரைத் தலைகீழாக மாட்டுங்கள். கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும், வயர் ‘ப’ வடிவத்தில் தொங்கி மேலே ஏறும், வியர்வை அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆன்டெனாவை மட்டும் மடக்காதீர்கள்.

அதிகம் ஆடுபவர்களுக்கு, வழுக்கும் பசை தடவாத ஆணுறைக்குள் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, வாய்ப்பக்கம் கீழே வரும்படி டேப்பால் கட்டிவிடுவது நல்லது. கூச்சமே வேண்டாம், தொழில்முறை நாடகக் குழுக்களில் இது பழகிப்போன வழி. லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை உண்டா என்று நடிகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பேட்டரி, மியூட் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே கட்டுங்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் நடுவில் மங்கினால்? டிஷ்யூவின் ஓரத்தை முறுக்கி மைக்கின் வாயில் லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள், ஈரத்தை அதுவே உறிஞ்சும். மூடியைக் கழற்ற முடிகிற மைக் என்றால் உலர்ந்த மூடியை மாற்றலாம். வாயால் ஊதாதீர்கள்; உள்ளே இருக்கும் சவ்வு மிக மெல்லியது, ஊதினால் ஈரமும் இன்னும் உள்ளே போகும்.

நாடகம் முடிந்ததும் டேப்பை உரித்து, வயரை லேசாக ஈரமான துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடையுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் டேப்பின் நுனியைப் பிடித்து உரியுங்கள். அப்புறம் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரவு முழுக்க வையுங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிக்க வேண்டாம், அந்தச் சூட்டை மைக் தாங்காது.