பொஜொலே வாங்குறப்போ நான் விழுந்த குழி

பிரான்ஸ்ல லியோன்ல ஒரு ஒயின் கடையில வேலை பாக்குறேன். பொஜொலேங்கிறது பக்கத்துலயே இருக்குற ஒயின் பிரதேசம், அங்க வர்ற ஒயினுக்கும் அதே பேர். புதுசா சேர்ற பசங்க நான் அன்னைக்கு விழுந்த அதே குழியில வரிசையா வந்து விழறாங்க, பாத்துட்டு வாயை மூடிட்டு இருக்க முடியல. கிளாஸை எப்படி பிடிக்கணும்ங்கிற கதையெல்லாம் இங்க இல்ல.

பொஜொலேன்னா நவம்பர்ல வர்ற நூவோ (அந்த வருஷத்து புது ஒயின்) மட்டும்தான்னு நினைக்கிறது

இல்ல. வடக்கால மலைப்பக்கம் 10 க்ரூ இருக்கு, அதாவது தன் பேர்லயே ஒயின் விக்கிற தனிப் பகுதிங்க, அது வேற ஆளு.

குன்று ஒயினை அவசரமா திறக்கிறது

இன்னும் வயித்தெரிச்சல் இது. அந்த பத்துல ஒண்ணு மோர்கோன், அங்க கோத் து பீன்னு ஒரு குன்று, உயரம் 350 மீட்டர் கிட்ட. அங்க மண்ணுன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான், நீலச்சாம்பல் கல்லு, மேல இருக்கிறது கையிலேயே உதிரும், ஊர்க்காரங்க 'அழுகின பாறை'ம்பாங்க. அந்த குன்று ஒயின் 12 பாட்டில் பெட்டியா வாங்கிட்டு, லேசான சிவப்பு தானேன்னு முதல் வருஷமே 9 பாட்டிலை காலி பண்ணேன். ஒரே இறுக்கம், துவர்ப்பு நாக்கைப் பிடிச்சுது, ஏமாத்திட்டாங்கன்னு வேற திட்டினேன். மிச்ச மூணு மூலையில கிடந்து ஆறு வருஷம் கழிச்சு கையில மாட்டுச்சு. திறந்தா பழுத்த செர்ரி வாசம், துவர்ப்பு இருந்த இடமே தெரியல, அந்த 9 பாட்டிலை நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. இப்படி மாறுறதுக்குன்னே பிரெஞ்சுல 'மோர்கொனே'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, அது தெரியாமத்தான் நான் பெட்டி வாங்கியிருக்கேன்.

காரணம் சிம்பிள். பொஜொலே சிவப்பு ஒயின் வர்றது கமேங்கிற திராட்சையில, அந்தக் கொடிக்கு கொழுத்த மண்ணு கிடைச்சா காய்ச்சுத் தள்ளும், சாறு தண்ணியா போயிடும் (1395லயே பர்கண்டி டியூக் கடுப்பாகி இதை பிடுங்கிப் போடச் சொன்னாரு). சரிவுல தண்ணி நிக்காது, மண்ணும் வறண்டது, பழம் கொஞ்சமா சின்னதா வரும், சாறுக்கு தோல் ஜாஸ்தி, அந்தத் தோல்லதான் துவர்ப்பு.

மோர்கோன்னு போட்டிருந்தா போதும்னு வாங்குறது

கீழ சமதரையில விளையறதும் மோர்கோன்தான். லேபிள்ல குன்று பேர் இருக்கான்னு பாருங்க.

சரிவுன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறது

ஷிரூப்ல்ங்கிறது இன்னொரு க்ரூ, இன்னும் உசரம், குளிர்ச்சி, கிரானைட் மண்ணு. அது மெலிசா பூ வாசத்தோட வரும், அதைப் போய் ஆறு வருஷம் பூட்டி வைக்காதீங்க. போன வாரம் ஒரு பையன், இன்னைக்கு நைட்டே குடிக்கணும்னு கேட்ட கஸ்டமர்கிட்ட புது கோத் து பீயை நீட்டுறான், பிடுங்கிட்டு ஷிரூப்ல் குடுத்து அனுப்பினேன்.

ரூம் டெம்பரேச்சர்ல ஊத்துறது

13, 14 டிகிரி. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்.