‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லாமல் பிள்ளைக்கு நேர்மை பழக்குவது எப்படி?

சாமி கும்பிடாத வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை ஒரு நாள் கேட்டே தீரும்: “சாமி இல்லேன்னா ஏன் திருடக் கூடாது?” அந்த நேரத்தில் பதில் தேடினால் தடுமாறிப்போவீர்கள். பழக்கத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

முதலில் ஒரு வாரம் உங்கள் நாக்கைக் கவனியுங்கள். “சாமி கண்ணைக் குத்தும்”, “போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்” இரண்டும் ஒரே ரகம். பிள்ளை ஒரு நாள் பொய் சொல்லும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அன்றோடு அந்தப் பாடம் தீர்ந்தது. பக்தியுள்ள வீட்டிலும் இதே கதைதான்.

‘பாவம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். “பாவம் பண்ணாதே” என்பது மிரட்டல். “ஐயோ பாவம், அந்த அண்ணன்” என்னும்போது பிள்ளை இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறது. இந்த இரண்டாவது பாவத்தை வீட்டில் தாராளமாகப் புழங்குங்கள். கடவுள் வாழ்த்தோடு தொடங்கும் திருக்குறளே 318ஆம் குறளில், தனக்கு எது வலிக்கும் என்று அறிந்தவன் பிற உயிர்களுக்கு ஏன் அதைச் செய்கிறான் என்றுதான் கேட்கிறது. காரணம் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது.

பழக்குவதற்கு ஏற்ற இடம் கடை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) என்று வையுங்கள். ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரே (ஆற்றிய பால் டீ) எல்லாம் சேர்த்து 7 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. நீங்கள் நீட்டியது 10 வெள்ளி. கல்லாவில் இருப்பவர் 50 என்று நினைத்து 42 வெள்ளி 80 காசு கொடுத்துவிடுகிறார். நகராதீர்கள். பணத்தைப் பிள்ளை கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். நமக்கு வரவேண்டியது எவ்வளவு? 2 வெள்ளி 80 காசு. மிச்சம் 40. “ராத்திரி கணக்குப் பார்க்கும்போது இந்த 40 வெள்ளி குறைஞ்சா யார் பதில் சொல்லணும்?” கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். பதில் வராவிட்டால் கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டினால் போதும். பிள்ளையே போய்த் திருப்பிக் கொடுக்கட்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் உபதேசம் வேண்டாம். ஐஸ்கிரீமும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லஞ்சத்தை வைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை ஐஸ்கிரீம் இல்லையென்றால் 40 வெள்ளி பாக்கெட்டுக்குப் போகும்.

தப்பு செய்தால் ரோத்தானை (பிரம்பை) எடுக்காதீர்கள். அடிக்குப் பயந்த பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்ததா? நேரில் போய்ச் சொல்லட்டும், சிதறிய மண்ணைக் கூட்டி அள்ளட்டும், உண்டியலிலிருந்து 2 அல்லது 3 வெள்ளி தரட்டும். மீதியை நீங்கள் போடுங்கள். தொகை பெரிதானால் பிள்ளைக்கு அது வெறும் தண்டனையாகிவிடும்.

பள்ளியிலிருந்தும் கேள்வி வரும். 1970இல் அறிவிக்கப்பட்ட மலேசியத் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். ஐந்தாவது, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். பள்ளிச் சபைகூடலில் மற்றவர்கள் அதைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லாதீர்கள், பிள்ளை தனித்துப் போகும். “முதலாவதுல அப்பா அம்மாவுக்கு வேற கருத்து, நீ வளர்ந்து யோசிச்சு முடிவு பண்ணலாம். அஞ்சாவது நம்ம எல்லாருக்கும் உண்டு” என்று சொன்னால் புரியும். கூட்டாளிகளின் சாமியைக் கேலி செய்வதும் ஒருவரை நோகடிப்பதுதான் என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

சாமி கும்பிடும் பாட்டியோடு பிள்ளை முன்னால் வாதம் செய்ய வேண்டாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனால் 272 படியும் பாட்டியோடு ஏறட்டும். இறங்கியதும் எல்லாருமாகத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். “ஏன் தண்ணி குடுக்கறீங்க?” என்று பாட்டியிடமும் கேட்கட்டும், உங்களிடமும் கேட்கட்டும். இரண்டு பதிலும் ஒரே நாளில் காதில் விழுவது நல்லது. கீழே கிடக்கும் கப்புகளைப் பொறுக்கப் பெரிய குப்பைப் பை இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று போதாது.