கேரவன் கதவின் சென்ட்ரல் லாக் மக்கர் செய்தால்

எல்லாக் கதவும் அசையவில்லையா? முதலில் பியூஸ், பிறகு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஒரு கதவு மட்டும் என்றால் பெரும்பாலும் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர்தான். திறந்து மூடியே உள்ளே செம்பு அறுந்திருக்கும், உறை முழுசாகத் தெரியும். ஒவ்வொன்றையும் மெதுவாக இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் அதுதான். பியூஸைக் கழற்றிவிட்டு, மெல்லிழை வயர்த் துண்டு சேருங்கள். சால்டர் வைக்கும் இடம் மடங்கும் பகுதிக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுபடி அங்கேயே ஒடியும்.

வயர் நன்றாக இருந்தால், இரண்டு வயர் ஆக்சுவேட்டரின் (பூட்டை இழுத்துத் தள்ளும் சிறு மோட்டார்) பிளக்கில் மல்டிமீட்டர் வையுங்கள். லாக் அழுத்தும் கணம் 12 வோல்ட், அன்லாக்கில் மைனஸ் 12 வந்து போகும். வந்தும் அசையாவிட்டால் ஆக்சுவேட்டர் போச்சு. பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டுநர் கதவுக்கு ஐந்து வயர் ஆக்சுவேட்டர் வேண்டியிருக்கும்.