பெட்டி வாங்கும் முன் பிள்ளையைப் பாருங்கள்: வீட்டுக்கல்வி தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கிறது. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வாரத்தில் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. ஒரு வருடப் பாடம், பயிற்சித்தாள், ஃபிளாஷ் கார்டு எல்லாம் இருக்கும் என்றார்கள். எல்லாம் இருந்தது. அவளுக்குத்தான் பத்து நாளில் அலுத்துப்போனது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். நீங்களாவது அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

முதல் படி: காகித வேலை

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. ஆக, இதற்கென்று அனுமதிக் கடிதம் வாங்க ஓர் அலுவலகமும் இல்லை.

பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் மாற்றுச் சான்றிதழை (டி.சி.) மறக்காமல் வாங்கிவிடுங்கள். அதோடு பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வருவார்கள். வந்தால் பதறாதீர்கள். உட்காரச் சொல்லி, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள்.

இரண்டாம் படி: பரீட்சைக்கு வழி தெரிந்துகொள்ளுங்கள்

"அப்ப பத்தாவது எப்படி எழுதுவா?" இதை மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், பால்காரரும் கேட்பார். பதிலை முதலிலேயே வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும்.

என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும், தமிழ் வழியிலும் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டுகள் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள். மாநிலத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை 12½ வயது நிரம்பியவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் இப்போது யோசிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் ஒன்றும் கற்பிக்காதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எங்கள் பெட்டி மேல்தட்டுக்குப் போனது. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, பிள்ளை தானாக என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது, எங்கே எழுந்து போய்விடுகிறது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வாரம் இருப்பது: "வெங்காயத் தோலைத் தண்ணியில மிதக்க விட்டா, 35 நிமிஷம். எழுத்து நோட்டு, 4 நிமிஷம். மளிகை ரசீதைக் கூட்டிப் பாத்தா, தப்பு, மறுபடி கூட்டினா." பிள்ளைக்குக் கணக்கு வராது என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தார். ரசீதில் வந்ததே!

நான்காம் படி: பொருள் தேர்வு

இலவசத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் பி.டி.எஃப். ஆகவே இணையத்தில் கிடைக்கின்றன, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்களும் அப்படியே. பாடநூலை வரி வரியாக நடத்தத் தேவையில்லை, எந்த வயதில் என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கதைக்கு, பிரதம் புக்ஸ் என்ற குழந்தை நூல் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம். தமிழில் ஏராளமான கதைகள், நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதிவிறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம். அறிவியலுக்கு, கழிவுப் பொருளில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பொம்மைகள். சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் செருகி இணைத்துக்கொண்டே போனால் முக்கோணம், சதுரம். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. கூரையிலும் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று கேட்டுப் பாருங்கள். மாத இதழ் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர்.

எதுவானாலும் காசு கொடுக்கும் முன் மூன்று சோதனை. மாதிரிப் பாடம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிள்ளையோடு செய்து பாருங்கள். தர மறுத்தால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அடுத்து, புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அதை நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது சோதனை உங்களுக்கு: அதைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கே பிடித்திருக்கிறதா? கொட்டாவி விட்டுக்கொண்டே நடத்துவதைப் பிள்ளை சட்டென்று கண்டுபிடித்துவிடும்.

செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒதுக்கிவிட்டோம். மகள் பாடத்தைப் பார்க்காமல், பரிசாக வரும் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் படி: ஒரு நாள் எப்படி இருக்கும்

எழுத்து, கணக்கு என்று காலையில் ஒன்றரை மணி நேரம். ஏழு வயதுக்கு அது போதும்.

தமிழ் எழுத்தை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அ, ஆ வரிசையில் 247ஐயும் மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். ட, ப, ம மூன்றும் நேர்க்கோடு, வளைவு அதிகம் இல்லாத எழுத்துகள். மேலே புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே சொல் கிடைத்துவிடும். என் மகள் பட்டம் என்று எழுதியதும் வாசல் சுவரிலும் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தாள்.

கணக்குக்கு மணிமாலை. ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு மணி 50, மஞ்சள் மணி 50 வாங்கி, பத்துச் சிவப்பு, பத்து மஞ்சள் என்று மாற்றி மாற்றி ஒரே கயிற்றில் கோத்துவிடுங்கள். 38உடன் 25ஐக் கூட்ட வேண்டுமா? முதல் 38 மணிக்குப் பிறகு துணிக்கிளிப் மாட்டுங்கள். அந்த நிறத்தில் இன்னும் இரண்டு மணிதான் மிச்சம் என்பது கண்ணுக்கே தெரியும். 25இல் இரண்டை எடுத்து அதை நிரப்பினால் 40, மீதி 23, ஆக 63. "ஒன்றை மேலே போடு" என்று நான் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் அவளே கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மணியை மனதில் எண்ண ஆரம்பித்தாள்.

ஆறாம் படி: வெளியே போங்கள்

வாரத்தில் ஒரு நாள் நூலகம். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். மாலையில் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் பாடம் எதுவும் வைக்காதீர்கள், அது விளையாட்டு நேரம்.

மேல்தட்டுப் பெட்டியைப் போன மாதம் இறக்கினோம். ஃபிளாஷ் கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இப்போது அதில் மளிகைக் கடை நடக்கிறது: துவரம் பருப்பு ஒரு கார்டு, புளி ஒரு கார்டு, எனக்குக் கடன் கிடையாதாம்.