வருடக்கணக்கில் நின்ற 1965 ஃபோர்டு தண்டர்பேர்டை ஸ்டார்ட் செய்யும் முறை

பத்து, இருபது வருடம் கொட்டகையில் நின்ற தண்டர்பேர்டில் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். அந்த 390 கியூபிக் இன்ச் வி8 இன்ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் நின்ற காலத்தில் அல்ல, அவசரமாக ஓட்டிய முதல் நிமிடத்தில்தான்.

முதலில் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் (பிஸ்டன்களை இயக்கும் பிரதான தண்டு) முனையிலுள்ள போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம், மறுபடி ஊறட்டும். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, 5 குவார்ட், அதாவது சுமார் 4.7 லிட்டர் புது ஆயில் ஊற்றுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் அது தள்ளும் டாப்பெட்டும் உரசி ஓடும் வகை என்பதால் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயிலே நல்லது.

அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆயில் பாதைகள் வறண்டு கிடக்கும். பம்ப் ஆயிலை மேலே ஏற்றுவதற்குள் பேரிங்குகள் தேய்ந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம். அதன் உள்ளே சுழலும் ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதன் உடல் எந்த நிலையில் இருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என மூன்றையும் குறித்துக்கொண்டு அதை வெளியே எடுங்கள். உள்ளே கால் அங்குல அறுகோணத் தண்டு தெரியும். அதுதான் ஆயில் பம்பைச் சுற்றுவது. கால் அங்குல சாக்கெட்டை நீளக் கம்பியில் நன்றாக ஒட்டிக் கட்டி, டிரில் மெஷினில் பொருத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். சாக்கெட் கழன்று உள்ளே விழுந்தால் ஆயில் பேனையே இறக்க வேண்டிவரும். அழுத்தம் ஏறியதும் டிரில் இழுக்கத் தொடங்குவது கையில் தெரியும். இடையிடையே கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பி, இரு பக்கமும் வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளில் ஆயில் கசியும்வரை விடாதீர்கள்.

கிராங்க்கை மொத்தம் இரண்டு முழுச் சுற்று (அல்லது அதன் மடங்கு) ஆகும்படி திருப்பி, குறித்த நிலைக்கே கொண்டுவந்த பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைக் குறித்த இடத்திலேயே இறக்குங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.017 அங்குலம், பிளக் இடைவெளி 0.034 அங்குலம். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. ஒயர் ஒன்று இடம் மாறினாலும் கார்புரேட்டர் வழியே வெடிக்கும்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைத் தொடவே வேண்டாம். புது பெட்ரோல் ஊற்றிய சுத்தமான கேனிலிருந்து இன்ஜினிலுள்ள ஃபியூயல் பம்புக்குக் குழாய் கொடுங்கள். விரிசல் விட்ட ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாகட்டும். ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

இன்ஜின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். 1965-இல்தான் இந்தக் காருக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன். பிரேக் திரவம் ஈரத்தை இழுப்பதால் அவை துருப்பிடித்து இறுகியிருக்கும். பெடலை மிதித்ததும் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறை கொண்டது: ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. காலிப்பர், குழாய், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் புதுப்பித்த பிறகே காரை நகர்த்துங்கள்.

பவர் ஸ்டீயரிங் திரவம் குறைந்துகொண்டே போனால் ஸ்டீயரிங் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் காரின் வைப்பருக்கு மின் மோட்டார் கிடையாது. அந்தத் திரவத்தின் அழுத்தத்தில்தான் அது ஓடுகிறது. ஒழுகல் பல நேரம் அந்த வைப்பர் மோட்டாரிலோ அதற்குப் போகும் குழாய்களிலோதான் இருக்கும்.