லிஃப்ட் வாங்கும் முன் தரையைத் துளைத்துப் பாருங்கள்

வீட்டு காரேஜில் டூ போஸ்ட் லிஃப்ட், அதாவது இரண்டு தூண்களிலிருந்து நீளும் கைகளால் காரைத் தூக்கும் கருவி, போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை டன் வாங்கலாம் என்பதுதான். உங்கள் தரை எவ்வளவு கனம் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்தத் தரைதான்.

காரணம் இது. 1,500 கிலோ காரைத் தூக்கினால் ஒவ்வொரு தூணுக்கும் சுமார் 750 கிலோ வருகிறது. அந்த எடை தூணுக்கு நேர் மேலே இறங்குவதில்லை. கைகளின் நுனியில், தூணிலிருந்து இரண்டடி போல உள்ளே தள்ளி நிற்கிறது. அதனால் இரண்டு தூண்களும் எப்போதும் காரை நோக்கிச் சாயப் பார்க்கும். சாயாமல் பிடித்திருப்பவை பேஸ் பிளேட்டின், அதாவது தூணின் அடித்தகட்டின், வெளிப்பக்கத்தில் தரைக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகள். அந்த போல்ட்டுகளைப் பிடித்திருப்பது காங்கிரீட். காங்கிரீட் மெல்லியதாக இருந்தால் எத்தனை டன் லிஃப்ட் வாங்கினாலும் பயனில்லை.

கனத்தை அளப்பது எளிது. தூண் வரப்போகும் இரண்டு இடங்களிலும் 10 மி.மீ. பிட்டால் அடிவரை ஓர் ஓட்டை போடுங்கள். கம்பியின் நுனியை கொக்கி போல மடக்கி உள்ளே விட்டு, தளத்தின் அடியில் மாட்டும்படி மேலே இழுத்து, தரை மட்டத்தில் அடையாளம் வையுங்கள். அதுதான் உண்மையான கனம். ஓரத்தில் தெரியும் கனத்தை நம்ப வேண்டாம், நடுவில் குறைந்திருக்கலாம். துளைக்கும் முன், தரைக்குள் மின் குழாயோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போஸ்ட் டென்ஷன் முறையில், இழுவிசை கொடுத்த கம்பிகளோடு போட்ட தளமென்றால் பிட்டை வைக்கவே கூடாது. ஒரு கம்பி அறுந்தாலும் பெரிய ஆபத்து.

சாதாரணக் கார்களுக்கான நான்கு டன் லிஃப்ட்டுகள் பலவற்றுக்கும் கையேட்டில் குறைந்தது 100 மி.மீ. கனமும் 3,000 பி.எஸ்.ஐ. வலிமை, அதாவது ஏறக்குறைய எம்25 தர காங்கிரீட்டும் கேட்பார்கள். சிலவற்றுக்கு 150 மி.மீ. வேண்டும். நான் 100 மி.மீ. தளத்தில் மாட்டத் தயங்குவேன், 150 இருந்தால்தான் மனம் ஒப்பும். டைல்ஸும் அதற்கடியில் பூசிய சிமென்ட் கலவையும் இந்தக் கணக்கில் சேராது. தூண் நிற்கும் இடத்தில் அவற்றைப் பெயர்த்து எடுத்துவிட்டு, காங்கிரீட் மேலேயே பேஸ் பிளேட்டை உட்கார வையுங்கள். விரிசல், இணைப்புக் கோடு, தள ஓரம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தளம் தேறவில்லையா? அந்த இரண்டு இடங்களையும் வெட்டி எடுத்து, கையேட்டில் சொன்ன அளவில் பள்ளம் தோண்டி, கம்பி கட்டிப் புதுக் காங்கிரீட் போடுங்கள். நன்றாகத் தண்ணீர் காட்டி 28 நாள் விடுங்கள். அதற்குள் மேல் பகுதி கல் மாதிரி தெரியும், அவசரப்பட்டு ஆங்கர் அடிக்க வேண்டாம்.

அடுத்தது உயரம். லிஃப்ட் 1.8 மீட்டர் தூக்கும், கார் 1.5 மீட்டர் உயரம் என்றால் 3.3 மீட்டர் ஆகிவிட்டது. விளக்கு, கதவு மோட்டார், ஷட்டர் தண்டவாளம் எல்லாம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். மேலே குறுக்குச் சட்டம் வரும் வகைக்கு ஏறக்குறைய 3.7 மீட்டர் கூரை தேவை. கூரை தாழ்வென்றால் கேபிளும் ஆயில் போகும் ஹோஸும் தரையில் ஒரு தகட்டுக்கடியில் போகும் வகையை எடுங்கள். தகட்டைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருக்கும், வேறு குறையில்லை.

சரி, தரை தயார் என்று வைத்துக்கொள்வோம். சாக்கட்டி நூல் அடித்து நடுக்கோடு போடுங்கள். அதற்கு மூலைமட்டமாக தூண்களின் கோடு. பேஸ் பிளேட்டுகளின் இடத்தை வரைந்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 6 மி.மீ.க்குள் வரும்வரை நகர்த்துங்கள். தூணை நிமிர்த்த செயின் பிளாக்கும் குறைந்தது இன்னும் இரண்டு ஆட்களும் வேண்டும். கைபலத்தை மட்டும் நம்பி நிமிர்த்தாதீர்கள்.

முதலில் மோட்டார் வரும் தூண். பேஸ் பிளேட்டின் துளை வழியாகவே ஹாமர் டிரில்லை நேராகப் பிடித்துத் துளைக்க வேண்டும். ஆங்கர் 19 மி.மீ. என்றால் பிட்டும் 19 மி.மீ. தேய்ந்த பிட் வேண்டாம், ஓட்டை சுருங்கிவிடும். துளைத்த பிறகு தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். இதை எல்லோரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். தூசி இருந்தால் ஆங்கரின் பிடி காங்கிரீட்டில் பதியாமல் மாவில் வழுக்கும். நட்டை போல்ட்டின் நுனிவரை ஏற்றிவிட்டு அடியுங்கள், மரை நசுங்காது.

முழுதாக இறுக்கும் முன் தூணின் இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். காரேஜ் தரை தண்ணீர் ஓட வாட்டமாகத்தான் இருக்கும், அதனால் பேஸ் பிளேட்டுக்கடியில் செருக இரும்பு ஷிம் தகடு தேவைப்படும். ஆங்கருக்குப் பக்கத்தில் வையுங்கள்; மரத்துண்டு, அட்டை எதுவும் கூடாது. 12 மி.மீ.க்கு மேல் ஷிம் வேண்டியிருந்தால் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இறுக்குவது டார்க் ரெஞ்ச்சால், அதாவது இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் ஸ்பேனரால் மட்டும். இம்பாக்ட் கன் கையில் இருந்தாலும் ஓரமாக வைத்துவிடுங்கள். கையேட்டில் உள்ள டார்க் வருவதற்குள் போல்ட் சுற்றிக்கொண்டே மேலே வந்தால், அந்த இடத்தில் காங்கிரீட் பிடிக்கவில்லை என்று பொருள். அந்த ஒரு போல்ட்டை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் கூடாது என்பதுதான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு தளத்தைப் பாருங்கள்.

இரண்டாவது தூணும் இப்படித்தான். அப்புறம் குறுக்குச் சட்டம், கேபிள், ஹோஸ். ஹோஸின் ஃபிளேர் (நுனி விரிந்த) இணைப்புகளில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போய் அடைக்கும். மின்சார வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மோட்டாருக்குத் தனி லைன், தனி பிரேக்கர், நல்ல எர்த்.

ஆயில் ஊற்றியதும் கார் இல்லாமல் சில முறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். இப்போது காதைக் கொடுங்கள். ஏறும்போது, காரைக் கீழே விழாமல் தாங்கும் இரண்டு தூண்களின் பூட்டும் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழ வேண்டும். ஒன்று முந்தினால், பின்தங்கும் பக்கம் எதுவோ அதற்கேற்ப, இரண்டு பக்கத்தையும் சமமாக ஏற்றும் சமன் கேபிளின் நட்டைத் திருகுங்கள்.

முதல் காரை ஏற்றும்போது, காரின் கையேட்டில் காட்டிய ஜாக்கி இடங்களில்தான் கைகளின் நுனியில் உள்ள நான்கு பேடுகளும் உட்கார வேண்டும். கைகளின் பூட்டுப்பல் விழுந்ததா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். டயர் தரையை விட்டு ஒரு சாண் ஏறியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். முன்னாலோ பின்னாலோ தலை சாய்க்கப் பார்த்தால் இறக்கி, காரை நகர்த்தி வையுங்கள். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றும் நாளில் இந்தச் சமநிலை மாறிவிடும், மறக்காமல் உயரமான ஸ்டாண்டு முட்டுக் கொடுங்கள்.

வேண்டிய உயரம் வந்ததும் இறக்கும் லீவரை அழுத்தி, எடை பூட்டில் உட்காரும்வரை இறக்குங்கள். ஆயில் அழுத்தத்தில் மட்டும் தொங்கும் காருக்கு அடியில், ஒரு போல்ட்டைப் பார்க்க என்றாலும் நான் போக மாட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் விட வேண்டாம்.

சில கார்கள் ஏறி இறங்கிய பிறகு எல்லா ஆங்கர்களையும் மறுபடி டார்க் பார்த்து, நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பிறகு கோடு விலகினால் தூரத்திலிருந்தே தெரியும்.