இடைக்கால நகரத்தில் உலோகப் பட்டறைத் தெருவை அகழாய்வில் இனங்காணும் முறை

இடைக்கால ஐரோப்பிய நகரம் ஒன்றின் மண்ணடுக்கில் இரும்பு வேலையில் கழிவாக மிஞ்சும் கசடு குவியலாகக் கிடைத்தவுடன், அங்கே கொல்லர் தெரு இருந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கசடு கனமானது, மட்காதது. ஆகவே அதை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து தெருவில் பரப்பவும் பள்ளங்களை நிரப்பவும் பயன்படுத்தினார்கள். பட்டறை நின்ற இடத்தை உறுதியாகக் காட்டுவது, தோண்டும்போது கண்ணில் படாமல் போகும் நுண்துகள்தான்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கையில் அதன் மேல் படிந்த ஆக்சைடு மெல்லிய செதில்களாக உதிரும். இரண்டு துண்டுகளைச் சேர்த்து அடித்து இணைக்கையில் உருகிய துளிகள் தெறித்துச் சிறு உருண்டைகளாக உறையும். சில மில்லிமீட்டருக்கு மேற்படாத இவை, எவ்வளவு பெருக்கினாலும், தளத்தில் மிதிபட்டுத் தங்கிவிடும். எனவே தளம் வெளிப்பட்டதும் அதை அரை மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்து, உலர்த்தி, பிளாஸ்டிக் உறையிட்ட காந்தத்தால் துகளைப் பிரித்து எடைபோட வேண்டும். சுட்ட களிமண்ணும் காந்தத்தில் ஒட்டும் என்பதால், உருப்பெருக்கியில் பார்க்காமல் எந்த எடையையும் நம்பக் கூடாது. எடைகளை வரைபடத்தில் குறித்தால், உலைக்கும், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கும் அருகே செறிவு கூடுவது தெரியும்; பட்டடை காணாமல் போயிருந்தாலும் அது நின்ற இடம் இப்படிப் பிடிபடுவதுண்டு. அகழாய்வில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சொல்லும் சான்று அரிது.

செம்பு, வெண்கல வேலைக்கு இந்த வழி உதவாது. அங்கே உலோகத்தை உருக்கும் கலமான மூசையின் துண்டுகளையும் உடைந்த களிமண் அச்சுகளையும் தேட வேண்டும். டென்மார்க்கின் ரீபேயிலும், 1976 முதல் 1981 வரை அகழப்பட்ட, இங்கிலாந்தின் யார்க் நகரக் காப்பர்கேட் தெருவிலும் வார்ப்புத் தொழிலை அறிய இவை பெரிதும் உதவின. மூசையின் சுவரில் எந்தத் தனிமங்கள் உள்ளன என்று எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை: பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிச் சுவருக்குள் புகுந்துவிடும் என்பதால், அதன் அளவை வைத்து உருக்கிய கலவையின் விகிதத்தைக் கணிக்கக் கூடாது.

ஒரு பட்டறை மட்டும் தெருவாகாது. அடுத்தடுத்த மனைகளில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பல தளங்களில் இதே சான்று தொடர்ந்தால்தான் தொழில் அங்கே வேரூன்றியிருந்தது எனலாம். தேவாலய வளாகத்தில் காணும் மணி வார்ப்புக் குழியை இதில் சேர்க்கக் கூடாது. மணி வார்ப்போர் பல சமயம் வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, வார்த்து முடித்ததும் சென்றுவிடுவார்கள். வரிப் பதிவேடுகளையும் தெருப் பெயர்களையும், மண் தரும் முடிவைத் தனியே எழுதிவைத்த பின்னரே ஒப்பிட வேண்டும்.